இரண்டு வினாடிக்கு ஒரு சொல்

புதுக்கோட்டையில் நடந்த ‘அறிவொளி’ எழுத்தறிவு இயக்கத்தைப் பற்றி எழுதப்பட்டதில் பெரும்பகுதி பாராட்டுதான். அதில் நியாயம் உண்டு. 1991இல், ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத்தின் துணையோடு, சம்பளம் வாங்காத தொண்டர்கள் ஊர் ஊராக மாலை வகுப்பு நடத்தினார்கள். கல்குவாரிப் பெண்கள் வந்து உட்கார்ந்தார்கள். பெண்கள் கூட்டம் கூட்டமாகச் சைக்கிள் பழகினார்கள். மாவட்டமே விழித்துக்கொண்டது. இத்தனைக்குப் பிறகும் கேட்டாக வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: வகுப்பு முடித்தவர்களால் வாசிக்க முடிந்ததா?

அறிவொளி எதன் கீழ் நடந்ததோ, 1988இல் தொடங்கிய அந்தத் தேசிய எழுத்தறிவு இயக்கம் தானே ஓர் அளவுகோல் வைத்தது. மொத்தம் 200 மணி நேரப் பயிற்சி, மூன்று பாடநூல்கள், முடிவில் நிமிடத்துக்கு 30 சொல் உரக்க வாசிக்க வேண்டும். அதாவது இரண்டு வினாடிக்கு ஒரு சொல். பத்துச் சொல் வாக்கியம் முடிய இருபது வினாடி ஆகும். கடைசிச் சொல்லுக்கு வரும்போது முதல் சொல் நினைவிலிருந்து நழுவியிருக்கும். வாசிக்கும் வேகம் குறைந்தால் பொருள் கைக்கு வராது என்று உலக வங்கியில் பணியாற்றிய ஹெலன் அபாட்ஸி 2003இல் விரிவாக வாதிட்டார். தமிழில் சிக்கல் இன்னும் கூடுதல். விகுதியும் உருபும் ஒட்டி நீளும் அரசாணைச் சொல் ஒன்றே மூன்று நான்கு வினாடியைத் தின்றுவிடும். தேர்வில் வென்ற ஒருவர் தாலுகா அலுவலக நோட்டீசின் முன்னால் தோற்பதற்கு அவருடைய சோம்பல் காரணமல்ல.

அந்த நாட்களில் பழகிய சைக்கிள் நிலைத்தது, ஏனென்றால் தண்ணீருக்கும் வேலைக்கும் சந்தைக்கும் அது தினமும் தேவைப்பட்டது. வாசிப்புக்கு அப்படியொரு அன்றாடத் தேவை பல வீடுகளில் உருவாகவே இல்லை. தொடர்கல்வி என்ற அடுத்த கட்டம் திட்டத்தில் இருந்தது. முதல் கட்டத்தின் ஆளும் வேகமும் அதற்குக் கிடைக்கவில்லை.

வாசிப்பு வேகத்தை வைத்து ஓர் இயக்கத்தை எடைபோடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. வலுவான மறுப்புதான் அது. புதுக்கோட்டையில் கள ஆய்வு செய்த ஃபிரான்சிஸ் கோடியின் 2013ஆம் ஆண்டு நூல், மனுவில் கைநாட்டு வைக்காமல் கையெழுத்திட்டு ஆட்சியர் அலுவலகம் சென்ற பெண்களைப் பேசுகிறது. அந்தத் துணிவை நிமிடக் கணக்கால் அளக்க முடியாது. அதை நான் முழுமையாக ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மனுவுக்கு வரும் பதிலை வாசிக்க இன்னொருவரை நம்பியிருக்க வேண்டுமானால், அவர்களுக்குச் சேர வேண்டியதில் பாதி இன்னும் பாக்கிதான்.

சமூக இயக்கமாக அறிவொளிக்கு இணை சொல்வது கடினம். வாசிப்புப் பயிற்சியாக அது அரைகுறை. அந்தக் குறைக்குப் பொறுப்பு தொண்டர்களுடையது அல்ல. 200 மணி நேரத்தை எல்லைக்கோடாக வைத்து, அதைத் தாண்டியதும் ‘முழு எழுத்தறிவு மாவட்டம்’ என்று அறிவிக்க அவசரப்பட்ட திட்டமிடல்தான் காரணம். 2022இல் தொடங்கிய புதிய பாரத எழுத்தறிவுத் திட்டமும் அதே 200 மணி நேரத்தைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறது. அதைத் தொடக்கமாக மட்டும் கருதி, தேர்வுக்குப் பின் குறைந்தது ஓராண்டு, ரேஷன் ரசீதும் நூறுநாள் வேலை அட்டையும் மருந்துச் சீட்டும் வைத்து வாரந்தோறும் வாசிக்கவைக்கும் ஏற்பாட்டுக்குப் பணம் ஒதுக்க வேண்டும்.