இழவுவீட்டு உணவும் எளிமையின் பொருளும்

யாழ்ப்பாணத்துச் செத்தவீட்டு உணவின் எளிமையைச் சைவ ஒழுக்கத்தின் விளைவாக விளக்குவோர் பலர். துடக்கு, புலால் விலக்கு ஆகியவற்றுக்கு இதிற் பங்குண்டு என்பது உண்மையே. எனினும் உணவு எத்தகையது என்பதோடு அமையாது, அதனை யார் சமைத்தனர், யாருக்காகச் சமைத்தனர் எனவும் வினவுதல் வேண்டுமென நாம் கருதுகின்றோம்.

இவ்வினாவின் இன்றியமையாமையைச் சங்க இலக்கியம் உணர்த்துகின்றது. புறநானூற்றின் 246ஆம் பாடலிற் பெருங்கோப்பெண்டு, நெய்யற்ற நீர்ச்சோறும் எள்ளுத் துவையலும் வேளைக்கீரையும் உண்டு, பாயின்றிக் கிடக்கும் கைம்மை வாழ்வினும் ஈமத்தீயே மேலெனத் துணிகின்றாள். ஒக்கூர் மாசாத்தனார் பாடிய 248ஆம் பாடலிற் கணவனை இழந்தவளுக்கு ஆம்பலின் புல்லரிசியே உணவாகின்றது. இங்கு எளிமை, துயருற்ற ஒருத்திமீது மட்டும் சுமத்தப்பட்ட தண்டனையாகும். இதனை ஒழுக்கமெனப் போற்றுதல் பொருந்தாது.

யாழ்ப்பாணக் கிராம வழக்கோ வேறு திசையிற் செல்வது. பிரேதம் வீட்டிலிருக்கும்வரை அங்கு அடுப்பெரிவதில்லை. அயலவர் தேநீரும் கோப்பியும் கொண்டுவருவர். சுடலையிலிருந்து மீண்டோர் முழுகியபின், உறவினர் சமைத்த சோற்றையும் மரக்கறியையும் உண்பர். துயருற்றோரை விருந்தோம்பும் கடமையினின்று விடுவிப்பதே இவ்வழக்கின் உட்பொருள். உணவு எளிதாயிருந்தமையால் வறிய அயலவரும் கூச்சமின்றிக் கொடுக்க முடிந்தது. இங்கு எளிமை, பலரும் பகிர்ந்துகொண்டதொன்று.

ஆயினும் இதனை ஊரொற்றுமையெனப் பொதுப்படப் பாராட்டுதல் மிகையாகும். பறை முழக்கியோரும் பிற குடிமைத் தொழில் செய்தோரும் இன்றி அக்காலத்துச் சாவீடு நிறைவெய்தியதில்லை. எனினும் அவர்களுக்குச் சமபந்தி கிடைத்ததில்லை. பகிர்வின் எல்லையைச் சாதியே வகுத்தது. இதனை மறைக்கும் எந்த ஆய்வும் குறையுடையதே.

இன்று 31ஆம் நாள் அந்தியேட்டியையொட்டிய மதிய போசனம் பல இடங்களில் மண்டப விருந்தாக வளர்ந்துள்ளது. ஆடம்பர மோகத்தை மட்டும் இதற்குக் காரணமாகக் கூறுதல் போதாது. 1995ஆம் ஆண்டின் வலிகாம இடப்பெயர்வும், அதற்கு முன்னும் பின்னும் நிகழ்ந்த புலப்பெயர்வுகளும் அயல் என்னும் அமைப்பையே சிதைத்தன. கொடுக்கும் கைகள் அகன்றவிடத்துத் துயருற்ற வீடே ஊருக்கு உணவளிக்க நேர்கின்றது. கடன்பட்டேனும் அதனைச் செய்கின்றது.

எனவே, கறிகளைக் குறைக்குமாறு அறிவுரை கூறுவதால் மட்டும் மரபு மீளாது. இழந்தவரின் சுமையை, சாதி எல்லையையும் கடந்து, பிறர் ஏற்கும்போதே அவ்வெளிமை பொருளுடையதாகும்.