பெறுநர்: மாண்புமிகு முதலமைச்சர்

டோல்கேட் டீக்கடையில் போன மாதம் ஒரு மனு எழுதினோம். துறைமுகம் போகும் கண்டெய்னர் லாரிகள் தெருமுனையை அடைத்து நிற்கின்றன. பிள்ளைகள் லாரிகளுக்கு நடுவே புகுந்துதான் பள்ளிக்கூடம் போகிறார்கள். பெறுநர் யார் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. 'சி.எம்.முக்கே போட்டுடு தம்பி. ஒரு வார்த்த சொன்னா முடிஞ்சிது' என்றார் பெரியவர் ஒருவர். எழுதியவன் நான். எம்.ஏ. தமிழ் படித்தவனுக்கு எங்கள் பக்கத்தில் கிடைக்கும் நிரந்தர வேலை இது.

'ஒரு வார்த்த சொன்னா முடிஞ்சிது.' பிரதியாக வாசிக்க வேண்டியது இந்த வாக்கியத்தைத்தான். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லும் அதிகாரம் எங்கே எழுதப்பட்டிருக்கிறது?

அரசியல் சட்டத்தைப் புரட்டலாம். பிரிவு 154 மாநிலத்தின் நிர்வாக அதிகாரத்தை ஆளுநரிடம் வைக்கிறது. அவருக்கு உதவவும் ஆலோசனை சொல்லவும் முதல்வரைத் தலைவராகக் கொண்ட அமைச்சரவை உண்டு என்கிறது 163. முதல்வருக்கென்றே தனியாக எழுதப்பட்டது 167. அதுவும் அதிகாரம் அல்ல, கடமை: அமைச்சரவை முடிவுகளை ஆளுநருக்குத் தெரிவிக்க வேண்டும், அவர் கேட்கும் தகவலைத் தர வேண்டும். கட்-அவுட்டில் வானளாவ நிற்கும் உருவம் சட்டத்தின் பக்கத்தில் தகவல் சொல்பவராகச் சுருங்கிவிடுகிறது.

இது பாதி உண்மைதான். சில விதிவிலக்குகள் தவிர ஆளுநர் அமைச்சரவையின் ஆலோசனைப்படியே நடக்க வேண்டும் என்று 1974-இல் சம்ஷேர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆக, பெயர் ஒருவருடையது, முடிவு இன்னொருவருடையது. அரசாணையின் அடியைப் பாருங்கள்: 'ஆளுநரின் ஆணைப்படி' என்றிருக்கும், கையெழுத்து துறைச் செயலாளருடையது. ஆசிரியனின் மரணத்தை நாம் பாரிசிலிருந்து இறக்குமதி செய்வதற்கு முன்பே கோட்டையில் அது நடைமுறையில் இருந்திருக்கிறது.

2016 செப்டம்பர் 22 அன்று ஜெயலலிதா மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். அக்டோபர் 11 அன்று பிரிவு 166(3)-இன்கீழ் அவருடைய இலாகாக்கள் ஓ.பன்னீர்செல்வத்துக்கு ஒதுக்கப்பட்டன, முதல்வராக அவரே தொடர்வார் என்றார்கள். டிசம்பர் 5-இல் அவர் இறக்கும்வரை, ஏறத்தாழ எட்டு வாரம், இலாகா இல்லாத முதல்வர் இருந்தார். கோப்புகள் நகர்ந்துகொண்டுதான் இருந்தன. அதிகாரம் ஆளிடம் இல்லை, அமைப்பில் இருக்கிறது என்பதற்கு இதைவிட வெளிப்படையான பிரதி வேண்டுமா? நாமோ அதை வாசிக்காமல் வதந்திகளை வாசித்துக்கொண்டிருந்தோம்.

முதல்வர் பதவியைப் பழிப்பதல்ல என் நோக்கம். 2023 ஜூன் 29 அன்று ஆளுநர் ஆர்.என்.ரவி, முதல்வரின் ஆலோசனை இல்லாமலே ஓர் அமைச்சரை நீக்கி, அன்றிரவே அந்த உத்தரவை நிறுத்திவைத்தார். அப்போது நாம் முதல்வர் பதவியின் பக்கம் நின்றது சரி. ஆனால் நியமிக்கப்பட்டவருக்கு எதிராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவரைக் காப்பது வேறு, அவரை மன்னராக்கி மணியடிப்பது வேறு. மனு வாங்கும் நாளுக்கு 'மனுநீதி நாள்' என்று பெயர் வைத்த நாடு இது. சோழனின் ஆராய்ச்சி மணியைக் குடியாட்சியின் வாசலிலும் கட்டித் தொங்கவிட்டிருக்கிறோம்.

எங்கள் மனுவுக்கு என்ன ஆனது? பெரிய துறைமுகமும் தேசிய நெடுஞ்சாலையும் ஒன்றியப் பட்டியல். போலீசும் உள்ளாட்சியும் மாநிலப் பட்டியல். லாரி இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. மேலே போன மனு, நாங்கள் யார்மேல் புகார் சொன்னோமோ அந்த அலுவலகத்துக்கே 'உரிய நடவடிக்கைக்காக' இறங்கி வந்தது. ஒரே பெறுநர் என்பது பொறுப்பானவர்கள் எல்லாருக்கும் விடுதலைப் பத்திரம்.

2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூர் உர ஆலையின் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. பெரியகுப்பம் பக்கத்து மக்கள் வீட்டைவிட்டு ஓடினார்கள். மறுநாள் அவர்கள் வார்த்தைக்காகக் காத்திருக்கவில்லை, ஆலை வாசலில் உட்கார்ந்தார்கள். கேட்டது கருணை அல்ல, ஆலையை மூடு என்பது. குழாய்க்கு அனுமதி தந்தது யார், சோதித்தது யார் என்ற கேள்விகள் அங்கிருந்துதான் கிளம்பின.

அமைச்சரவை சட்டமன்றத்துக்குக் கூட்டாகப் பொறுப்பு என்கிறது 164(2). 2005-இலிருந்து தகவல் உரிமைச் சட்டமும் கையில் இருக்கிறது. எந்த ஆணை, எந்தத் தேதி, யார் கையெழுத்து என்று கேட்கலாம்.

இரண்டாவது மனுவில் பெறுநர் நான்கு பேர்: துறைமுகம், நெடுஞ்சாலை, போக்குவரத்துப் போலீஸ், மாநகராட்சி. நகல் எம்.எல்.ஏ.வுக்கும் முதல்வருக்கும். பெரியவர் வாங்கிப் பார்த்தார். 'இன்னா தம்பி, சி.எம்.ம கீழ எறக்கிட்ட?' என்றார். டீ ஆறுவதற்குள் பதில் சொல்ல முடியவில்லை. அதைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன்.