பெட்ரோலுக்கு முன் ஆயில்

மெக்கானிக் கிக்கரை மிதிக்கவில்லை. டாங்க் மூடியைத் திறந்து ஈர்க்குச்சி ஒன்றை உள்ளே விட்டு எடுத்தார். நுனியில் ஒட்டியிருந்ததை இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்துப் பார்த்தார்.

"முன்னாடி வச்சிருந்தவர் ஆயில் எப்படிண்ணே ஊத்துவாராம்?"

"கேட்டேம்பா. கவலையே வேணாம், எப்பவும் ரெண்டு மடங்காத்தான் ஊத்துவேன்னார்."

"அதான்ணே கவலை."

சென்னையை அடுத்த சென்னீர்குப்பத்தில் இட்லி மாவு அரைத்து விற்கும் அந்தக் கடைக்காரர், 2013-இல் பதிவான டிவிஎஸ் எக்ஸ்எல் சூப்பர் ஒன்றை செகண்ட் ஹேண்டாக வாங்கி ஏழு வாரம் ஆகிறது. விடிகாலையில் மாவுப் பாக்கெட்டுகளை ஏற்றிக்கொண்டு குமணன்சாவடி, கரையான்சாவடி, பூந்தமல்லி டிரங்க் ரோடு எனக் கடை கடையாகப் போடுகிறார். மாலையில் ஆவடி சாலையில் பருத்திப்பட்டு வரை ஒரு சுற்று. 69.9 சிசி, ஏறத்தாழ மூன்றரை குதிரைத்திறன், கியர் கிடையாது, நாலு லிட்டர் டாங்க். எக்ஸ்எல்லைப் பற்றி இதற்கு மேல் தமிழ்நாட்டில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. தண்ணீர் கேனும் வாழைத்தாரும் பால் கேனும் இதில் போகாத ஊர் இல்லை. பாடியில் ஆலை வைத்திருந்த சுந்தரம் கிளேட்டன் 1980-இல் ஓசூரில் தொடங்கிய டிவிஎஸ் 50-இன் நேர் வாரிசு இது.

அந்த டூ ஸ்ட்ரோக் பரம்பரை முடிந்துவிட்டது. 2015-இல் நான்கு ஸ்ட்ரோக் எக்ஸ்எல் 100 வந்தது. 2017 ஏப்ரலில் பிஎஸ்-4 புகை விதி வந்ததும் பழைய இஞ்சினுக்குக் கடையில் இடமில்லை. இன்று டூ ஸ்ட்ரோக் எக்ஸ்எல் வாங்குபவர் யாராக இருந்தாலும் இன்னொருவர் ஓட்டிய வண்டியைத்தான் வாங்குகிறார். வண்டியோடு சேர்த்து அவருடைய ஆயில் பழக்கத்தையும் வாங்குகிறார். பெயின்டைத் துடைக்கலாம், சீட்டைத் தைக்கலாம். அந்தப் பழக்கத்தை இஞ்சினுக்குள்ளிருந்து சுரண்டித்தான் எடுக்க வேண்டும்.

நான்கு ஸ்ட்ரோக் வண்டியில் ஆயில் இஞ்சினின் அடியில் தேங்கி நிற்கும்; மாதக்கணக்கில் அதே ஆயில் சுற்றிக்கொண்டிருக்கும். டூ ஸ்ட்ரோக்கில் கிராங்க் சுழலும் அறை வழியாகத்தான் காற்றும் பெட்ரோலும் போயாக வேண்டும். அங்கே ஆயில் நிற்க வழியில்லை. பெட்ரோலோடு கலந்து வந்து, கிராங்க் பேரிங்கையும் கனெக்டிங் ராடின் ஊசி பேரிங்கையும் சிலிண்டர் சுவரையும் நனைத்துவிட்டு, மேலே போய் எரிந்துவிடுகிறது. எக்ஸ்எல்லுக்கு லிட்டருக்கு 20 மில்லி, ஐம்பதுக்கு ஒன்று. டாங்க் நிறைய ஊற்றினால் 80 மில்லி. குறைந்தால் பிஸ்டன் சிலிண்டரைக் கவ்விப் பிடித்து இஞ்சின் சீஸ் ஆகும். இது எல்லோருக்கும் தெரியும், அதனால்தான் பயந்து இரண்டு மடங்கு ஊற்றுகிறார்கள்.

கூடினால் என்ன ஆகும் என்பது பலருக்குத் தெரியாது. கார்பரேட்டர் ஜெட்டின் துளை ஒரே அளவுதான். அதன் வழியே போகும் கலவையில் ஆயில் கூடும்போது அந்த அளவுக்குப் பெட்ரோல் குறைகிறது. கலவை கெட்டியாகி ஜெட்டில் மெதுவாகவும் போகிறது. கடைசியில் காற்றோடு ஒப்பிட்டால் எரிபொருள் போதாமல் இஞ்சின் சூடேறுகிறது. மிஞ்சிய ஆயில் முழுக்க எரியாமல் பிஸ்டன் தலையிலும் புகை வெளியேறும் வாயிலும் சைலன்சர் குழலிலும் கரியாகப் படிகிறது.

ஹெட்டைக் கழற்றியபோது அதுதான் தெரிந்தது. புகைவாய் மூன்றில் ஒரு பங்கு கரியால் அடைபட்டிருந்தது. கடைக்காரர் வாங்கிய நாளிலிருந்து சொல்லிவந்த குறை, பருத்திப்பட்டு சாலையில் எவ்வளவு திருகினாலும் முப்பத்தைந்தைத் தாண்டவில்லை என்பது. கார்பரேட்டரை மாற்றச் சொன்னவர்கள் உண்டு, போர் போடச் சொன்னவர்களும் உண்டு. வண்டிக்கு மூச்சுவிட வழியில்லை என்பதே விஷயம்.

கரி எடுப்பது ஒரு பிற்பகல் வேலை. பிஸ்டனைக் கீழே இறக்கிப் புகைவாயை முழுதாகத் திறந்து வைத்துக்கொண்டு, மூங்கில் பட்டையால் சுரண்ட வேண்டும். ஸ்குரூடிரைவரைத் தொடவே கூடாது. அலுமினியத்தில் விழும் கீறலில் அடுத்த கரி முதலில் வந்து ஒட்டும். ரிங் உட்காரும் பள்ளத்தைச் சுத்தம் செய்ய உடைந்த பழைய ரிங் துண்டைப் போன்ற கருவி வேறில்லை. ரிங்கைத் தனியாகச் சிலிண்டருக்குள் வைத்து, பிஸ்டனால் நேராகத் தள்ளி, இரு முனைகளுக்கு நடுவே உள்ள இடைவெளியைத் தகடு விட்டு அளந்தார் மெக்கானிக். தேய்மானம் எல்லையை எட்டியிருந்ததால் புது ரிங். கேஸ்கெட்டும் புதுசு. ரிங்குக்கும் பிஸ்டனுக்கும் சென்னைக்காரர் அலையத் தேவையில்லை. செம்பியத்தில் இந்தியா பிஸ்டன்ஸ் 1949-இலேயே தொடங்கிய ஊர் இது. சைலன்சரை நெருப்பில் போட்டுக் கரி எரிக்கும் பழைய வைத்தியத்தை மட்டும் அவர் செய்யவில்லை. உள்ளே கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் இருந்தால் அதோடு அதுவும் போய்விடும்.

மறுநாள் அதே சாலையில் அதே சுமையோடு வண்டி நாற்பத்தைந்தைத் தொட்டது.

இனி பங்க் விஷயம். இதைச் சொல்லாமல் எக்ஸ்எல் விமர்சனம் முடியாது. முதலில் பெட்ரோல் போடுவார்கள். பிறகு பாக்கெட்டைக் கிழித்து ஆயிலை மேலே கவிழ்ப்பார்கள். ஆயில் பெட்ரோலைவிடக் கனமானது. கலக்காமல் இறங்கி, டாங்கின் அடியில் குழாய் வாய்க்குப் பக்கத்தில் போய் நிற்கும். அடுத்த சில கிலோமீட்டருக்கு இஞ்சின் ஆயிலைக் குடித்துப் பிளக் நனைந்து திக்கும். அதன் பிறகு ஆயில் குறைந்த பெட்ரோலில் ஓடும். ஒரே டாங்கில் இரண்டு கெடுதலும் நடந்துவிடும். ஆயிலை முதலில் ஊற்றி அதன் மேல் பெட்ரோலைப் பீய்ச்சினால் பெட்ரோலின் வேகமே கலக்கிவிடும். இவ்வளவு எளிய வேலையை நாற்பது வருடமாக எத்தனை லட்சம் பேருக்குத் தலைகீழாகச் செய்து கொடுத்திருக்கிறார்கள் என்று நினைத்தால் ஆற்றாமையாக இருக்கிறது. டெல்லியில் 1998 இறுதியிலேயே, புகையைக் குறைக்க வேண்டி, அளந்து கலந்த பெட்ரோலைத்தான் டூ ஸ்ட்ரோக் வண்டிகளுக்குப் போட வேண்டும் என்று விதி வந்தது.

கம்பெனி தரப்பிலும் ஒரு கேள்வி உண்டு. யமஹா 1964-இலேயே ஆட்டோலூப் என்ற பெயரில், தனி டாங்கிலிருந்து தேவைக்கேற்ப ஆயிலைச் செலுத்தும் பம்ப்பைத் தன் வண்டிகளுக்குக் கொண்டுவந்துவிட்டது. எக்ஸ்எல்லில் அது கடைசிவரை வரவில்லை. பம்ப் இல்லாததால் விலை குறைந்தது, பழுதாக ஒரு பாகம் குறைந்தது என்பதெல்லாம் சரி. ஆனாலும் டாங்கில் ஆயில் இருக்கிறதா என்று சொல்ல ஒரு விளக்குகூட இல்லாத வண்டியை நம்பித்தான் இத்தனை குடும்பங்கள் பிழைத்தன. அவ்வளவு பொறுத்துக்கொண்ட இஞ்சின் மீது பாசம் வராமல் இருப்பதும் கடினம்.

கடைக்காரர் இப்போது ஒரு லிட்டர் டூடி (டூ ஸ்ட்ரோக்) ஆயில் பாட்டிலை வீட்டிலேயே வைத்திருக்கிறார். புகை குறைவாக வரும் ஜாசோ எஃப்சி தரம். அளப்பதற்கு இருமல் மருந்தின் 10 மில்லி மூடி. லிட்டருக்கு இரண்டு மூடி, பங்குக்குப் போகும் முன்பே டாங்கில்.

மூன்றாம் வாரம் இன்னொரு அறிகுறி தெரிந்தது. சிக்னலில் நிற்கும்போது ஐட்லிங் தானாக ஏறியது. பழைய டூ ஸ்ட்ரோக்கில் இது ஆபத்தான சத்தம். கிராங்கின் இரு பக்கமும் இருக்கும் ஆயில் சீல் ரப்பர் வயதாகி விறைத்துவிட்டால், மேக்னெட்டோ பக்கம் வெளிக்காற்றை இழுக்கும். பெட்ரோலும் அதனுள் இருக்கும் ஆயிலும் விகிதத்தில் குறைந்து, சூட்டில் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். கிளட்ச் பக்கச் சீல் போனால் அங்கிருக்கும் ஆயிலை உறிஞ்சிப் புகை கக்கும். இரண்டு சீலும் ஒரே வயதுதான் என்பதால் ஒன்றை மட்டும் மாற்றுவதில் அர்த்தமில்லை. சீலின் விலை சொற்பம், கூலிதான் செலவு. பழைய எக்ஸ்எல் வாங்குபவர் இதை வண்டி விலையோடு சேர்த்தே கணக்குப் போட்டுக்கொள்ள வேண்டும்.

காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் கிடைக்காவிட்டால் இஞ்சின் சூடேறும் தலைவலி கனடாவின் பனிச்சறுக்கு வண்டிக்காரர்களுக்கும் உண்டு. கியூபெக்கின் வால்கூர் ஊரில் ஜோசஃப் அர்மான் பொம்பார்டியே 1959-இல் ஸ்கீ-டூவை விற்பனைக்குக் கொண்டுவந்தார். அதிலும் டூ ஸ்ட்ரோக்தான் நெடுங்காலம் ஆண்டது. அங்கே மைனஸ் 30 டிகிரிக் காற்று நம் 40 டிகிரிக் காற்றைவிடக் கால் பங்குக்கும் மேல் அடர்த்தியானது. அதற்கேற்பப் பெட்ரோல் கூட வேண்டும், பெரிய ஜெட் மாட்டுவார்கள். பனி உருகியதும் வண்டியை ஓரங்கட்டும் முன் இஞ்சினுக்குள் ஆயில் தெளித்து வைப்பார்கள். துருப் பிடித்த பேரிங்கோடு அடுத்த பருவத்தைத் தொடங்கக் கூடாது என்பதற்காக.

அந்தப் பழக்கம் ஐப்பசி, கார்த்திகை மழைக்கு நமக்கும் பொருந்தும். வண்டி இரண்டு வாரம் நிற்கப் போகிறது என்றால் பெட்ரோல் குழாயை மூடி, கார்பரேட்டர் காலியாகும் வரை ஓடவிட்டு, பிளக் துளை வழியே ஒரு ஸ்பூன் டூடி ஆயில் விட்டு, கிக்கரை மெதுவாக நாலு முறை மிதித்து வைக்கலாம். இப்போது பங்குகளில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். டாங்கில் மழைத்தண்ணீர் இறங்கினால் எத்தனால் அதோடு சேர்ந்து அடியில் பிரிந்து நிற்கும். ஆயில் மேலே உள்ள பெட்ரோலோடு போய்விடும். அடியிலிருந்து இஞ்சினுக்கு முதலில் வருவது ஆயிலே இல்லாத கலவை. டாங்க் மூடியின் ரப்பர் வளையத்தை மழைக்கு முன் மாற்றியது இந்த ஏழு வாரத்தில் மிக மலிவான செலவு.

ஓட்டுவதிலும் ஒரு பழக்கம் மாறியிருக்கிறது. மேம்பாலத்தில் இறங்கும்போது கடைக்காரர் ஆக்சிலேட்டரை முழுக்க மூடுவதில்லை. சக்கரம் இஞ்சினை வேகமாகச் சுழற்றும் நேரத்தில் பெட்ரோலை நிறுத்தினால் ஆயிலும் நின்றுபோகும். இடையிடையே லேசாகத் திருகிவிடுகிறார்.

ஏழாம் வாரக் கடைசியில் பிளக்கைக் கழற்றிப் பார்த்தார்கள். முதல் நாள் அது ஈரக் கறுப்பாக இருந்தது. வெளுத்திருந்தால் சூடு, கறுத்திருந்தால் ஆயில் மிகுதி. இப்போது நுனி டிகாக்ஷன் தெளித்த மாதிரி பழுப்பு. சாலைத் தூசியில் ஓடும் வண்டி என்பதால் ஏர் ஃபில்டரைப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை கழுவச் சொல்லியிருக்கிறார் மெக்கானிக். அடுத்த கரி எடுப்புக்கான தேதி, மாவுக் கணக்கு எழுதும் காலண்டரில் தை மாதத் தாளில் குறித்திருக்கிறது.