'நாம்', 'நாங்கள்': வாழ்க்கைக் கதை கேட்டலும் மொழிபெயர்ப்பும்

ஒருவர் தம் வாழ்க்கையைச் சொல்லும்போது கேட்பவர் அக்கதைக்குப் புறத்தே நிற்பதில்லை. கேட்பவர் யார் என்பதைப் பொறுத்தே சொல்பவர் தம்மவர் யார் என்பதை வரையறுக்கிறார். தமிழில் இவ்வரையறை இலக்கணக் கூறாகவே அமைந்துள்ளது. 'நாம்' முன்னிலையாரை உளப்படுத்தும். 'நாங்கள்' அவரை விலக்கும். 'நம் ஊர்' என்னும்போது கேட்பவர்க்கும் அவ்வூரில் பங்குண்டு. 'எங்கள் ஊர்' என்னும்போது இல்லை. தெலுங்கிலும் மராத்தியிலும் இவ்வேறுபாடு உண்டு. இந்தியிலும் இக்காலக் கன்னடத்திலும் இல்லை.

இந்நோக்கில் வீரம்மாவின் வாழ்க்கைக் கதை தனித்து ஆராயத்தக்கது. புதுச்சேரியை அடுத்த சிற்றூரில் வயற்கூலியாகவும் மருத்துவச்சியாகவும் வாழ்ந்த அத்தலித் பெண், நாட்டுப்பாடல் தேடிவந்த ஜோசியான் ரசீனிடம் ஏறத்தாழப் பத்தாண்டுகள் தமிழில் கூறியவை 1995இல் பிரெஞ்சு நூலாகவும் 1997இல் ஆங்கில நூலாகவும் வெளிவந்தன. கதை முழுவதும் தன்மைக் கூற்றாகவே செல்கிறது. கேட்பவரை வீரம்மா 'சின்னம்மா' என விளிக்கிறார். ஆங்கிலத்திலும் அவ்விளியை அவ்வாறே நிறுத்தியது பாராட்டத்தக்கது. ஏனெனில் அச்சொல் உறவையும் குறிக்கும். உழைப்பவர் மேலிடத்துப் பெண்ணை மதித்து அழைப்பதையும் குறிக்கும். நெருக்கமும் தொலைவும் ஒரு சொல்லிலேயே அடங்கியுள்ளன.

ஆனால் தன்மைப் பன்மைக்கு இவ்வாய்ப்புக் கிட்டவில்லை. பிரெஞ்சு, ஆங்கிலம் இரண்டிலும் அதற்கு ஒரே வடிவந்தான் உண்டு. சின்னம்மா எவ்விடத்தில் உள்ளே அழைக்கப்பட்டார், எவ்விடத்தில் வாசலில் நிறுத்தப்பட்டார் என்பதை அவ்வடிவம் காட்டாது. இதன் விளைவு சிறிதன்று. தொலைவிலுள்ள வாசகர், சொல்பவர் தமக்குத் தராத உரிமையை எளிதில் எடுத்துக்கொண்டு, அவ்வாழ்வில் தாமும் ஒருவர் என எண்ணிவிட இயலும். கேட்டலால் உரிமை பிறப்பதில்லை. 'நாம்' என்று அழைக்க வேண்டியவர் சொல்பவரே.

இச்சிக்கலின் ஆழம் மறுமொழிபெயர்ப்பில் புலனாகும். பிரெஞ்சிலிருந்தோ ஆங்கிலத்திலிருந்தோ இந்நூலைத் தமிழாக்குபவர் இடந்தோறும் 'நாமா, நாங்களா' என முடிவுசெய்தாக வேண்டும். தமிழில் பிறந்த கூற்றுக்கே தமிழில் ஊகிக்க வேண்டிய நிலை இது. சாதி ஊரையும் சேரியையும் பிரித்துவைத்த இடத்தில், பிழையான ஊகம் இலக்கணப் பிழையாக மட்டும் நிற்பதன்று. இல்லாத ஒற்றுமையை அது சொல்பவரின் வாயில் இட்டுவிடும்.

எனவே வாய்மொழி வரலாறுகளைப் பதிவுசெய்வோர் எழுத்துப்படியில் தன்மைப் பன்மை வடிவங்களைத் திருத்தாது காத்தல் வேண்டும். மொழிபெயர்ப்பாளர் 'எங்கள் சனம்', 'நீயும் நாங்களும்' போன்ற விரிவுகளுக்கு நிகரானவற்றை இலக்கு மொழியில் தேடலாம். இயலாதவிடத்து முன்னுரையில் சுட்டலாம். 'நாங்கள்' என்று கேட்டதை 'நாங்கள்' என்றே பதிவதுதான், சொன்னவர்க்குக் கேட்டவர் செய்யும் முதற்கடன் எனலாம்.