கரையில் நிற்போர் கடன்

புறநானூற்றில் வேந்தர்தம் வெற்றியும் வள்ளல்களின் கொடையும் பேசும் பாடல்கள் பல. அவற்றினிடையே, எவரையும் புகழாமல், எதனையும் வேண்டாமல், தம் இளமையை எண்ணி வருந்தும் முதியவர் ஒருவரின் பாடலும் இடம்பெற்றுள்ளது. அது 243ஆம் பாடல். பாடியவர் தொடித்தலை விழுத்தண்டினார். பூண் இட்ட ஊன்றுகோலை உடையவர் என்பது இப்பெயரின் பொருள். பாட்டில் வரும் தொடரே பாடியவர் பெயராயிற்று. அவருடைய இயற்பெயர் மறைந்தது, ஊன்றுகோல் நின்றது. உ.வே.சாமிநாதையர் 1894இல் புறநானூற்றை அச்சேற்றியதால் அவர் குரல் நம் காலத்துக்கும் எட்டியது.

பாடலின் செய்தி எளியது. சிறுமியர் மணலால் பாவை செய்து பூச்சூட்டுகின்றனர். அவர்களோடு கைகோத்துக் குளத்தில் ஆடிய சிறுவன், நீர்மேல் தாழ்ந்த மருதமரக் கிளையில் ஏறுகிறான். கரையில் நிற்போர் வியக்க, நீர்த்திவலை சிதற, ஆழத்தில் குதிக்கிறான். அடிமணலை அள்ளிக்கொண்டு மேலே வருகிறான். அந்த இளமை இப்போது எங்கே என்று, இருமலுக்கிடையே சில சொற்களே பேசவல்ல முதியவர் கேட்கிறார்.

இப்பாடலின் நடையை உற்றுநோக்குதல் வேண்டும். 14 அடிகளில் முதுமை தொடக்கத்திலும் முடிவிலுமே வருகிறது. இடைப்பட்ட அடிகளில் வினையெச்சங்கள் ஒன்றையொன்று தொட்டு, நிறுத்தமின்றி ஓடி, இளமை என்னும் சொல்லில் வந்து நிற்கின்றன. இருமல் இடைமறிக்கும் ஒருவர், குளத்தைப் பற்றிப் பேசும்போது மட்டும் மூச்சு வாங்குவதில்லை. நினைவினுள் இருமல் இல்லை என்பதைப் புலவர் சொல்லவில்லை, தொடரமைப்பால் உணர்த்துகிறார். இதுவே இப்பாடலின் தலையாய நயம் என்பது எம் கருத்து.

இதன் துறை கையறுநிலை. இத்துறைப் பாடல்கள் பெரும்பாலும் இறந்துபட்ட தலைவனுக்கு இரங்குவன. இங்கோ எவரும் இறக்கவில்லை. உயிரோடு இருப்பவர் தம்மிடமிருந்து போய்விட்டதற்கு இரங்குகிறார். இந்த இரக்கத்தின் பொருளை யாம் கல்லூரியில் படித்தபோது உணர்ந்தோமில்லை. மறதிநோய் எம் இல்லத்துக்கு வந்த பின்னரே உணர்ந்தோம்.

எம் தாயார் தஞ்சைப் பகுதியில் பிறந்து, மணமாகி மைசூருக்கு வந்தவர். தேவராச மார்க்கெட்டில் கன்னடத்தில் பேரம் பேசிக் காய்கறி வாங்கியவர். சில ஆண்டுகளாக அவர் மாலைதோறும் கேட்கும் கேள்வி ஒன்றே: “ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டதா?” யாம் அரசு அலுவலகத்தில் எழுத்தர். கோப்பில் நாளோ பெயரோ பிழைபடின் திருத்துவது எம் தொழில். அப்பழக்கத்தை வீட்டிலும் காட்டினோம். “இது மைசூர், அம்மா. நம் ஊர் இல்லை” என்றோம். தந்தையாரைத் தேடியபோது, “அவர் காலமாகிப் பல ஆண்டுகள் ஆயின” என்றோம். அவர் ஒவ்வொரு முறையும் அச்செய்தியைப் புதிதாகக் கேட்டு அழுதார். எம் திருத்தத்தில் பிழை இல்லை. ஆனால் பயனும் இல்லை.

ஒரு நாள் மாலை, “தண்ணீர் வந்தால் என்ன செய்வாய், அம்மா?” என்று கேட்டோம். அவர் முகம் மலர்ந்தது. ஆடிப்பெருக்கன்று காதோலை கருகமணியை ஆற்றில் விட்டது, சிறுவர் சப்பரம் இழுத்தது, சித்திரான்னம் கட்டிக்கொண்டு படித்துறைக்குப் போனது எல்லாம் வந்தன. காலையில் உண்டதை மறந்தவர் கால்மணி நேரம் தடையின்றிப் பேசினார். அப்போதுதான் எமக்குப் புறப்பாடலின் குளம் கண்முன் தோன்றியது.

தொடித்தலை விழுத்தண்டினார் மறதிநோய் உற்றவர் அல்லர். இழந்ததை முற்றும் அறிந்தவர். எம் தாயாரோ இழந்ததையும் அறியார். இவ்வேற்றுமையை மறைத்தல் திறனாய்வு ஆகாது. எனினும் ஒப்புமை ஒன்று உண்டு. அல்சைமர் நோயில் பெரும்பாலும் முதலில் நலிவது, புதிய நிகழ்ச்சிகளை நினைவில் பதிக்க உதவும் ஹிப்போகேம்பஸ் என்னும் மூளைப்பகுதி. ஆதலால் நேற்றைய செய்தி நில்லாது. பழைய நினைவுகள் நெடுநாள் நிற்கும். முதியவர் அந்த ஆழத்தில் மூழ்கி அள்ளிவரும் சில சொற்களே அவர் கைம்மணல். “இது எந்தக் குளத்து மணல்? என்றைக்கு எடுத்தது?” என்று விசாரிப்பது கரையில் நிற்போர் கடன் அன்று. கையேந்தி வாங்கிக்கொள்வதே கடன்.

இது பொய்க்கு உடன்படுவதாகாதோ என்று வினவுவர். வள்ளுவர் வாய்மை அதிகாரத்திலேயே, குற்றமற்ற நன்மை தரும் பொய்யை வாய்மையின் இடத்தில் வைத்தார். ஆயினும் அந்த விலக்கும் எமக்குத் தேவைப்படவில்லை. ஆற்றைப் பற்றிக் கேட்பதில் பொய் ஏது? உண்மையில் அவர் தேடும் காவிரி, எம் ஊருக்கு அருகில் கிருஷ்ணராஜசாகரத்தில் தேங்கி, மேட்டூர் வழியாக அவர் பிறந்த மண்ணுக்குத்தானே போகிறது!

இதே பொருளில் நம் காலத்தில் கன்னடத் திரைப்படம் ஒன்று வந்தது. ஹேமந்த் ராவ் இயக்கி, அனந்த் நாக் தந்தையாக நடித்து 2016இல் வெளிவந்த ‘கோதி பண்ண சாதாரண மைகட்டு’ அது. கோதுமை நிறம், சாதாரண உடற்கட்டு என்பது தலைப்பின் பொருள். தமிழில் ராதாமோகன் இயக்கத்தில், பிரகாஷ்ராஜ் நடிக்க, 2018இல் ‘60 வயது மாநிறம்’ என வந்தது. இரண்டும் ‘காணவில்லை’ அறிவிப்பின் நடையில் அமைந்த தலைப்புகள். பெற்ற தந்தையைப் பற்றி மகன் சொல்லக்கூடியது நிறமும் உடற்கட்டும் வயதுமே என்றால், அவர் தொலைந்தது அன்றுதானா, அதற்கு முன்பேயா? தலைப்பு எழுப்பும் இவ்வினாவே படத்தின் உயிர். ஊன்றுகோலை மட்டும் கண்டவர்க்கு முதியவர் ஒரு புற அடையாளம்; குளத்தைக் கேட்டவர்க்கே அவர் மனிதர்.

புலம்பெயர்ந்து வாழும் நமக்கு இதில் இன்னொன்றும் அடங்கியிருக்கிறது. எம் தாயாரிடம் கன்னடம் மெல்ல மெல்ல மறைந்துவிட்டது. பிந்திக் கற்ற மொழி இவ்வாறு முந்தி நழுவுவது முதியோர் பலரிடம் காணப்படுவதே. அடுத்த வீட்டுக் கன்னட அம்மையார் இதை அறிந்து, “சாப்பிட்டீங்களா?” என்று தமிழில் கேட்கப் பழகிக்கொண்டார். பேரப்பிள்ளைகளோ தமிழில் ஒரு வாக்கியம் முடிக்கத் திணறினர். அயலார் கரையில் நின்றார். வீட்டார் விலகி நின்றோம். அந்நாணத்தால் இப்போது இரவு உணவின்போது பிள்ளைகளோடு தமிழிலேயே பேசுகிறோம்.

கன்னடம் வேண்டாம் என்பதன்று எம் கருத்து. சுவர்ணா அல்லாடியும் அவர் குழுவினரும் ஐதராபாத்தில் 648 மறதிநோயாளரை ஆய்ந்து 2013இல் வெளியிட்ட முடிவின்படி, ஒருமொழியாளரைவிட ஒன்றுக்கு மேற்பட்ட மொழி பேசுவோரிடம் நோய் நான்கரை ஆண்டுகள் பிந்தியே தோன்றியது. கற்ற கன்னடம் அன்னையாருக்குச் சில ஆண்டுகளைத் தந்திருக்கவும் கூடும். எனினும் அவர் இன்று திரும்பிச் சென்றிருக்கும் குளத்தின் கரை தமிழ்க்கரை. அங்கே நிற்க நம் பிள்ளைகளுக்குத் தமிழ் வேண்டும்.

புறநானூற்று முதியவர் கேட்ட வினாவுக்குப் பாட்டில் விடை இல்லை. விடை சொல்ல எவரும் முன்வரவும் இல்லை. ஆயின் யாரோ ஒருவர், இருமல் ஓயும்வரை பொறுத்திருந்து, அச்சில சொற்களைக் கேட்டிருக்க வேண்டும். அதனாலன்றோ அக்குளம் இன்றும் வற்றாதிருக்கிறது!