துருவுக்கு எண்ணெய் சரி, தேய்மானத்துக்கு?

உடன்குடிப் பக்கத்து வீடுகளில் பூட்டு இறுகிக்கொண்டால் கை முதலில் போவது தேங்காய் எண்ணெய்ப் புட்டிக்குத்தான். சாவித் துவாரத்தில் நாலு சொட்டு விட்டு, சாவியை இப்படியும் அப்படியும் திருப்பினால் பூட்டு திறந்துவிடும். கைமாறி வந்த இந்த வழக்கத்தைப் பழைய பழக்கம் என்று ஒதுக்குவதும் தவறு. அதுவே போதும் என்று இருந்துவிடுவதும் தவறு. அது எதைச் சரிசெய்கிறது, எதை மறைக்கிறது என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதலில் அதன் பலம். குலசேகரன்பட்டினத்துக் கடலும் மணப்பாட்டுக் கடலும் பக்கத்திலேயே இருக்கின்றன. காற்றில் வரும் உப்பு ஈரத்தை இழுத்து இரும்பின் மேல் பிடித்துவைக்கிறது. துரு வேகமாக ஏறுகிறது. எண்ணெய்ப் படலம் அந்த ஈரத்தை உலோகத்தில் படவிடாமல் தடுக்கும். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டைப் போன்ற நெம்புகோல் பூட்டுகளுக்கு இது பொருத்தமான வைத்தியம். அவற்றின் உள்ளே இருப்பவை தட்டையான உலோகத் தகடுகள். சாவி ஒவ்வொரு தகட்டையும் அதற்குரிய உயரத்துக்குத் தூக்கினால்தான் பூட்டு விடும். தகடுகளுக்கிடையே துரு ஏறி ஒட்டிக்கொண்டால், எண்ணெய் அதை இளக்கிவிடும்.

பலவீனம் இந்த ஊர் மண்ணிலேயே இருக்கிறது. குதிரைமொழித் தேரி என்னும் மணல்மேட்டின் செம்மணல் பெரும்பாலும் இரும்பு ஆக்சைடு பூசிய படிகக்கல் துகள்தான். கடினத்தன்மை அளவுகோலில் படிகக்கல்லுக்கு 7. பித்தளைக்கு ஏறத்தாழ 3. ஆனி, ஆடியில் மேல்காற்று கிளப்பும் தூசி எண்ணெய்ப் பிசுக்குள்ள துவாரத்தில் ஒட்டிக்கொள்ளும். அதன்பின் ஒவ்வொரு திருப்பலிலும் சாவியையும் பூட்டையும் உப்புத்தாள் போல அராவும். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறையத் தொடங்கும்; நல்லெண்ணெய் நாளடைவில் பிசினாகும். இறுக்கத்தைப் போக்க விட்ட எண்ணெயே மறுபடி இறுக்கத்துக்குக் காரணமாகிறது.

இப்போது வாசற்கதவுகளில் பதிக்கப்படும் உருளைப் பூட்டுகளில் சிக்கல் இன்னும் கூடுதல். 1860-களில் அமெரிக்காவின் லைனஸ் யேல் காப்புரிமை பெற்ற அமைப்பின் வழிவந்தவை அவை. உள்ளே சிறு ஸ்பிரிங்குகள் தாங்கும் சின்னஞ்சிறு ஊசிகள். ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான வேறுபாடுதான் சரியான சாவியைத் தவறான சாவியிலிருந்து பிரிக்கிறது. அந்த ஊசிகள் தேய்ந்தபின் எண்ணெய் விட்டால் சாவி வழுக்கிக்கொண்டு திரும்பும்; வீட்டுக்காரர் பூட்டு சரியாகிவிட்டது என்று நினைப்பார். தேய்ந்த உலோகத்தை எந்த எண்ணெயும் வளர்த்துத் தராது. இந்த வழக்கத்தின் பெருங்குறை இதுதான்: நோய் முற்றும்போது வலியை மட்டும் குறைக்கிறது.

தேய்மானத்துக்கு அடையாளங்கள் உண்டு. சாவி துவாரத்துக்குள் ஆடுவது, பாதி திருப்பிய நிலையிலேயே வெளியே வந்துவிடுவது, கொஞ்சம் வெளியே இழுத்துப் பிடித்தால்தான் திரும்புவது, வேறொரு சாவிக்கும் பூட்டு விடுவது. கடைசி இரண்டும் வந்துவிட்டால் எண்ணெயைத் தொடவே வேண்டாம். தொங்குபூட்டு ஓங்கி இழுத்ததும் கழன்றால் அது பூட்டே இல்லை.

பூட்டைக் குறை சொல்வதற்கு முன் கதவையும் சோதிக்க வேண்டும். கதவைத் திறந்து வைத்துச் சாவியைத் திருப்பிப் பாருங்கள். அப்போது இலகுவாகத் திரும்பினால் குற்றம் பூட்டில் இல்லை. கீல் தளர்ந்து கதவு தொங்கியிருக்கும், அல்லது ஐப்பசி மழையில் மரம் உப்பியிருக்கும். கதவைத் தூக்கிப் பிடித்துப் பூட்டும் வீடுகளில் கீலின் திருகாணியை முடுக்காமல் எண்ணெய் விட்டுக்கொண்டே இருந்தால், பூட்டின் நாக்கு வீணாகத் தேயும்.

ஆகவே எண்ணெயைக் கைவிட வேண்டியதில்லை. அதன் இடத்தில் வைத்தால் போதும். இரும்புக் கேட்டில் தொங்கும் நெம்புகோல் பூட்டுக்குப் பழைய பிசுக்கை மண்ணெண்ணெயால் கழுவி, துடைத்து உலர்த்தியபின் தையல் மிஷின் எண்ணெய் ஓரிரு சொட்டு விடலாம். உருளைப் பூட்டுக்கு கிராஃபைட் தூள் நல்லது. இரண்டையும் கலந்தால் சேறாகும். மாற்றுச் சாவி வெட்டும்போது தினம் புழங்கிய சாவியைக் கொடுத்தால் அதன் தேய்மானமும் சேர்ந்தே நகலாகும். பீரோவில் கிடக்கும் புதுச் சாவியைக் கொடுக்க வேண்டும்.

இந்தப் பகுதியில் இந்தக் கவனம் கூடுதலாகவே தேவை. பிழைப்புக்காகச் சென்னைக்கும் மும்பைக்கும் வளைகுடாவுக்கும் போனவர்களின் வீடுகள் குலசேகரன்பட்டினத் தசராவுக்கோ பெருநாளுக்கோ மட்டும் திறக்கப்பட்டு, மற்ற மாதங்களில் ஒரு பூட்டை நம்பி நிற்கின்றன. அந்த வீட்டுச் சாவியை வைத்திருக்கும் உறவினர், எண்ணெய்ப் புட்டியை எடுக்குமுன் இறுக்கம் துருவாலா, தூசியாலா, கதவாலா, தேய்மானத்தாலா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். முதல் மூன்றுக்கும் செலவு அதிகமில்லை. நான்காவது என்றால் பூட்டை மாற்றிவிட வேண்டும். அங்கே சிக்கனம் பார்ப்பது வீட்டைத் திறந்து போட்டுவிட்டுப் போவதற்குச் சமம்.