இரவுச் சுவாசத்தைப் பதியும் சிறு கருவி

குறட்டை விடுகிறவர் சுகமாக உறங்குகிறார் என்று நம் வீடுகளில் நெடுங்காலமாக நிலவிவரும் எண்ணம் எத்துணை அபாயகரமானது என்பதை, இரவெல்லாம் தொண்டை அடைத்துத் திணறி, பகலில் வண்டியோட்டும்போதே கண்ணயர்ந்துவிடுகிற ஸ்லீப் அப்னியா நோயாளிகளின் வீட்டார் நன்கறிவர். ஆஸ்பத்திரியில் ஓரிரவு தங்கி, தலைமுதல் கால்வரை வயர்களை ஒட்டிக்கொண்டு படுக்கும் பரிசோதனைக்குப் பதிலாக, வீட்டுப் படுக்கையிலேயே இந்நோயைக் கண்டறிய வந்துள்ள உபகரணங்களுள் ஒன்றான ரெஸ்மெட் நிறுவனத்தின் 'அப்னியாலிங்க் ஏர்' கருவியை அணிந்து உறங்கிப் பார்த்தேன்.

உள்ளங்கையில் அடங்கும் பெட்டியை மார்பு பெல்ட்டில் மாட்டிக்கொள்ள வேண்டும். மூக்கில் செருகிய மெல்லிய குழாய் மூச்சின் போக்கையும், பெல்ட் மார்பின் அசைவையும், விரலில் மாட்டிய ஆக்சிமீட்டர் ரத்தத்திலுள்ள பிராணவாயுவின் அளவையும் நாடித்துடிப்பையும் பதிகின்றன. காற்று நின்றும் மார்பு அசைந்துகொண்டிருந்தால் தொண்டை அடைப்பு என்றும், மார்பும் சேர்ந்து ஓய்ந்திருந்தால் மூளையின் கட்டளையே தடைப்பட்டது என்றும் வைத்தியர் பகுத்தறிவதற்கு இந்தச் சேர்க்கையே ஆதாரம். நகப்பூச்சை நீக்கிவிட்டு, குழாயைக் காதுகளின் மேலாகக் கொண்டுவந்து கன்னத்தில் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டால், புரண்டு படுத்தாலும் நழுவாது. வயர் காடாக இல்லாததால் உறக்கம் வருவதும் சிரமமில்லை.

ஆயினும் என் அபிப்பிராயத்தில், இத்தகைய கருவி 'நோய் உண்டு' என்றால் நம்பலாம். 'இல்லை' என்றால் உடனே நம்பிவிடலாகாது. மூளையின் மின்னலைகளை அது அளப்பதில்லையாதலால், நாம் உறங்கினோமா, விழித்துக் கிடந்தோமா என்பது அதற்குத் தெரியாது. பத்து விநாடியாவது மூச்சு நின்றோ கணிசமாகக் குறைந்தோ போன தடவைகளை, உறங்கிய நேரத்தால் அல்லாமல், பதிவான நேரத்தால் அது வகுக்கிறது. எட்டு மணி நேரப் பதிவில் ஐந்து மணி நேரமே உறங்கிய ஒருவருக்கு 90 தடவை அவ்வாறு நேர்ந்திருந்தால், மெய்யான கணக்கு மணிக்கு 18. கருவி காட்டுவதோ சுமார் 11. மணிக்கு 5 முதல் லேசானது, 15 முதல் நடுத்தரம், 30 முதல் கடுமை என்று வைத்திய சாஸ்திரம் வகுத்திருப்பதால், நடுத்தர நோயாளி லேசான நோயாளியாகிவிடுகிறார். பிராணவாயு குறையாமலே, திடுக்கிட்டு விழிப்பதோடு முடியும் திணறல்களோ கணக்கிலேயே ஏறுவதில்லை.

எனவே குறட்டையும் பகல் தூக்கமும் மிகுந்தவர், அறிக்கை சாதகமாக வந்தாலும், ஆஸ்பத்திரிப் பரிசோதனையைக் கேட்டுப் பெறவேண்டும். இருதயம் பலவீனப்பட்டவர்களும், கடுமையான நுரையீரல் நோயுள்ளவர்களும், பக்கவாதம் கண்டவர்களும் இக்கருவியைத் தேடாமல் முதலிலேயே அங்கு செல்வது உசிதம்.